தேதி எழுதாத 311 உறைகள்: பென்சில்வேனியா 45-ஆம் செனட் தொகுதி, 2020

எதைப் பற்றிய ஆய்வு

2020 நவம்பர் 3 அன்று பென்சில்வேனியா மாநிலச் செனட்டின் 45-ஆம் தொகுதியில் தேர்தல் நடந்தது. இறுதிக் கணக்கில் வென்றவருக்கு 66,261 வாக்கு, தோற்றவருக்கு 66,192. வித்தியாசம் 69. பதிவான 1,32,453 வாக்கில் இது ஏறத்தாழ 0.05 சதவீதம். அந்த 69-ஐ உண்டாக்கியவை 311 தபால் வாக்குகள். வாக்காளர் கையெழுத்துப் போட்டிருந்தார், உறையும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி மட்டும் இல்லை. அதை எண்ணலாமா கூடாதா என்ற கேள்வி பத்து வாரங்களில் ஒரு கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் வாரியம், மூன்று மாநில நீதிமன்றங்கள், ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், செனட் அவை என்று ஆறு கதவுகளைத் தட்டியது.

வேட்பாளர்களையும் அலுவலர்களையும் இங்கே பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறோம். பதவியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சி. எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சி.

பின்னணி: ஒரு தொகுதி, இரண்டு வாரியங்கள்

பென்சில்வேனியா செனட்டில் 50 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆண்டுப் பதவிக்காலம். ஒற்றைப்படை எண் தொகுதிகளுக்கு அதிபர் தேர்தலோடும், இரட்டைப்படைத் தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தலோடும் வாக்குப்பதிவு. ஆகவே 45-க்கு 2020. 2010 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் பேர்.

அன்றைய எல்லையில் இத்தொகுதி இரண்டு கவுண்டிகளில் பரவியிருந்தது. பெரும்பகுதி பிட்ஸ்பர்க் நகரைக் கொண்ட அலெகேனி கவுண்டியில்: மொனொங்ககேலா ஆற்றோரத்துப் பழைய எஃகு ஊரான மெக்கீஸ்போர்ட், புறநகரான மன்ரோவில் போன்றவை. மீதி, வடகிழக்கே வெஸ்ட்மோர்லேண்ட் கவுண்டியில், நியூ கென்சிங்டன் பக்கம். தலைமுறைகளாகத் தொழிற்சங்கமும் ஜனநாயகக் கட்சியும் வேரூன்றிய வட்டாரம். 2020-இல் அந்தப் பிடி தளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு தொகுதிக்கு ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர் என்ற ஏற்பாட்டில் பழகிய நமக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் 45-ஆம் தொகுதிக்கென்று ஓர் அதிகாரி கிடையாது. தேர்தலை நடத்துவது கவுண்டி. மொத்தம் 67 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்தல் வாரியம். எந்த வாக்குச்சீட்டு செல்லும், எது செல்லாது என்று முதலில் முடிவெடுப்பது அந்த வாரியமே. தொகுதி இரண்டு கவுண்டிகளில் கிடந்தால், ஒரே போட்டியில் ஒரே சட்டத்தை இரண்டு வாரியங்கள் தனித்தனியாகப் படிக்கும். மாநிலச் செயலரின் அலுவலகம் வழிகாட்டுதல் அனுப்பும். அது சட்டம் ஆகாது.

உறை எப்படி இருந்தது

2019-ஆம் ஆண்டின் 77-ஆம் சட்டம் வந்த பிறகுதான், காரணம் எதுவும் சொல்லாமல் தபாலில் வாக்களிக்கலாம் என்ற நிலை பென்சில்வேனியாவில் ஏற்பட்டது. அதற்கு முன் ஊரில் இல்லாதவர், உடல்நலம் குன்றியவர் போன்றோருக்கு மட்டுமே அது. சட்டம் வந்த மறு ஆண்டே கொரோனா. 2020 நவம்பரில் மாநிலம் முழுவதும் சுமார் 26 லட்சம் பேர் தபாலில் வாக்களித்தார்கள். பெரும்பாலோருக்கு அது முதல் முறை.

வாக்காளர் செய்ய வேண்டியது இது. வாக்குச்சீட்டைக் குறித்து மடித்து ரகசிய உறைக்குள் வைத்து ஒட்டவேண்டும். அந்த உறையில் எதுவும் எழுதக் கூடாது. அதை வெளி உறைக்குள் வைத்து ஒட்டவேண்டும். வெளி உறையின் பின்புறம் உறுதிமொழி அச்சாகியிருக்கும். அதை, சட்டத்தின் சொற்படி, 'நிரப்பி, தேதியிட்டு, கையெழுத்திட' வேண்டும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டிக்குக் கிடைக்கவேண்டும். (2020-க்கு மட்டும் மாநில உச்ச நீதிமன்றம் மூன்று நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தது, இங்கே பேசும் உறைகளுக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை.)

தவறுகள் நடக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ரகசிய உறையைத் தொலைத்துவிட்டுச் சீட்டை நேராக வெளி உறைக்குள் போடுவது. இதை 2020 செப்டம்பர் 17 தீர்ப்பு செல்லாது என்றது. கையெழுத்தை மறப்பது. தேதிக் கட்டத்தில் பிறந்த தேதியை எழுதுவது. தேதியை அப்படியே விட்டுவிடுவது. கடைசி இரண்டுக்கும் காரணம் கவனக்குறைவு மட்டும் அல்ல. கையெழுத்துக் கோடு நீளமானது, கண்ணில் படும். தேதிக் கட்டம் சிறியது. 'தேதி' என்று மட்டும் இருந்தால் எந்தத் தேதி என்று பலருக்குப் புரிவதில்லை.

உறை கவுண்டிக்கு வந்ததும் பட்டைக்கோடு ஸ்கேன் செய்யப்பட்டு, வந்த நாள் மாநில வாக்காளர் பதிவேட்டுக் கணினியில் ஏறிவிடும். பின்னால் நீதிமன்றத்தில் இந்தப் பதிவுதான் முக்கியச் சான்றாயிற்று. ஆனால் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைப் பிரிக்கச் சட்டம் விடவில்லை. உறுதிமொழியில் குறை இருந்தால் வாக்காளரை அழைத்துத் திருத்தச் சொல்லும் கட்டாயம் கவுண்டிக்கு இல்லை என்பதும் அதே செப்டம்பர் 17 தீர்ப்பு. சில கவுண்டிகள் தாமாகவே அழைத்தன, சில அழைக்கவில்லை.

கண்டது என்ன

அலெகேனி கவுண்டியில் தேதி இல்லாத உறைகள் 2,349. அவற்றில் 45-ஆம் தொகுதிக்குரியவை 311. எல்லாவற்றிலும் வாக்காளரின் பெயரும் முகவரியும் முன்பே அச்சாகியிருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. எல்லாம் நவம்பர் 3 இரவு 8 மணிக்குள் வந்தவை. மோசடி என்று யாரும் சொல்லவில்லை. இவற்றில் இரு தரப்புக்கிடையே கருத்து வேறுபாடு இல்லாததால் சாட்சி விசாரணை தேவைப்படவில்லை. எஞ்சியது சட்டக் கேள்வி ஒன்றுதான்.

வெஸ்ட்மோர்லேண்டிலும் தேதி இல்லாத உறைகள் வந்திருந்தன.

முதல் முடிவு: ஒரே குறை, இரண்டு தீர்வு

நவம்பர் 10 அன்று அலெகேனி வாரியம் 2–1 என்ற கணக்கில் 2,349-ஐயும் எண்ணத் தீர்மானித்தது. மூவர் வாரியத்தில் கட்சிவாரியாக வாக்கு பிரிந்தது. பெரும்பான்மையின் நியாயம்: வாக்காளர் யார் என்பதும், உறை எப்போது வந்தது என்பதும் கவுண்டிக்கு வேறு வழியில் தெரியும்; தேதி இல்லாததால் மட்டும் தகுதியுள்ள ஒருவரின் வாக்கைத் தள்ளக் கூடாது. எதிர்த்தவரின் நியாயம்: சட்டம் 'வேண்டும்' என்கிறது, அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

வெஸ்ட்மோர்லேண்ட் வாரியம் அதே குறையுள்ள உறைகளை எண்ணவில்லை.

வாரியத்தின் முடிவை எதிர்த்து இரண்டு நாளுக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் முறையிட வேண்டும் என்கிறது தேர்தல் சட்டம். குடியரசுக் கட்சி வேட்பாளர் அலெகேனி முடிவை எதிர்த்து முறையிட்டார். வெஸ்ட்மோர்லேண்ட் முடிவை எதிர்த்து எவரும் முறையிடவில்லை. தேதியில்லா உறைகள் எண்ணப்பட்டால் லாபம் பெறக்கூடிய ஜனநாயகக் கட்சித் தரப்புகூட அங்கே போகவில்லை. இந்தச் சம்பவத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் விலையுயர்ந்த தவறு இதுதான் என்று நினைக்கிறோம். அலெகேனியில் நடந்த வழக்கின் பயன் வெஸ்ட்மோர்லேண்ட் வாக்காளருக்குத் தானாகப் போய்ச் சேராது. அங்கே கெடு முடிந்ததோடு அந்த உறைகளின் கதை முடிந்தது.

பதின்மூன்று நாள், மூன்று நீதிமன்றங்கள்

நவம்பர் 18: கவுண்டி நீதிமன்றம் வாரியத்தின் முடிவை உறுதி செய்தது.

நவம்பர் 19: மேல்முறையீட்டை விசாரித்த காமன்வெல்த் நீதிமன்றம் (மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம்) 2–1 என்று அதைப் புரட்டிப்போட்டது. தேதி கட்டாயம், 2,349-ம் செல்லாது.

நவம்பர் 23: மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்று மறுபடி புரட்டியது. பிலடெல்பியாவின் இதே வகை வழக்குகளையும் சேர்த்து விசாரித்து, எண்ணலாம் என்றது. கவுண்டிகள் முடிவைச் சான்றிட்டு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளும் அன்றுதான்.

தீர்ப்பை உள்ளே நுழைந்து படிக்கவேண்டும். தலைப்புச் செய்தியை நம்பியவர்கள் எல்லோரும் பின்னால் தடுமாறினார்கள். ஏழு நீதிபதிகளில் மூவர், தேதி வழிகாட்டும் விதி மட்டுமே, அது இல்லையென்றால் வாக்கு கெடாது என்றார்கள். மூவர், கட்டாயம், இல்லையென்றால் செல்லாது என்றார்கள். நடுவில் நின்ற ஒருவர் சட்டத்தில் இரண்டாவது மூவரோடு ஒத்துப்போனார்: தேதி கட்டாயம்தான். ஆனால் வாக்காளருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை, புதிய சட்டத்தின் முதல் பெரிய தேர்தல் இது, எனவே அந்த விளைவு அடுத்த தேர்தலிலிருந்து தொடங்கட்டும் என்றார்.

கூட்டிப் பார்த்தால், 2020-இல் எண்ண வேண்டும் என்பதற்கு நால்வர். தேதி கட்டாயம் என்பதற்கும் நால்வர். விளைவில் ஒரு பெரும்பான்மை, காரணத்தில் வேறொரு பெரும்பான்மை. குடியரசுக் கட்சி வேட்பாளர் அடுத்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் பிளவைப் பிடித்துக்கொண்டுதான்.

தேதி எதற்காக என்பதிலும் வாதம் நடந்தது. எந்த நாளில் வாக்காளர் சீட்டை முடித்தார், அந்த நாளில் அவருக்குத் தகுதி இருந்ததா என்பதற்கு அது சான்று; பின்தேதி, முன்தேதி மோசடியைத் தடுக்கும் என்றது ஒரு பக்கம். வந்த நாளைக் கவுண்டியே பதிவு செய்கிறது, கெடு தாண்டிய உறை எப்படியும் எண்ணப்படாது, வாக்காளர் எழுதும் தேதியை யாரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை என்றது மறுபக்கம். நடைமுறை அறிந்தவர்கள் இரண்டாவதை மறுப்பது கடினம். சட்டத்தின் சொல் மட்டும் முதல் பக்கம் நிற்கிறது.

இதே தொகுதியில் இன்னொரு கிளை: இடைக்கால வாக்குகள்

அதே வேட்பாளர் அதே வாரத்தில் இன்னொரு வழக்கும் நடத்தி அதில் வென்றார். ஒப்பிட வேண்டிய விஷயம் இது.

வாக்குச்சாவடியில் ஒருவரின் தகுதி உறுதியாகாதபோது இடைக்கால வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். தபால் வாக்குக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்தச் சீட்டைத் திருப்பி ஒப்படைக்காமல் நேரில் வந்தவர்களுக்கும் 2020-இல் இதுவே கிடைத்தது. அதன் உறையில் இரண்டு இடத்தில் கையெழுத்து வேண்டும்: சீட்டை வாங்கும்போது ஒன்று, முடித்த பிறகு ஒன்று. அலெகேனியில் ஒன்றை மட்டும் போட்டவர்களின் சீட்டுகள் சுமார் 270. சாவடிப் பணியாளர் இரண்டாவது கையெழுத்தை நினைவூட்டாமல் விட்டதே இவ்வகைக் குறைக்கு வழக்கமான காரணம். வாரியம் எண்ண முடிவு செய்தது. கவுண்டி நீதிமன்றமும் ஏற்றது. நவம்பர் 20 அன்று காமன்வெல்த் நீதிமன்றம் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

இரண்டிலும் குறை உறையில் நிரப்பாமல் விட்ட ஓர் இடம்தான். முடிவு மட்டும் ஏன் நேரெதிர்? இடைக்கால வாக்கைப் பற்றிய பிரிவு, கையெழுத்து இல்லையென்றால் 'எண்ணப்படக் கூடாது' என்று விளைவையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ரகசிய உறைமேல் வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தால் என்ன செய்வது என்றும் சட்டம் விளைவோடு சொல்கிறது. தேதியைப் பற்றிய பிரிவு மட்டும் 'தேதியிட வேண்டும்' என்று சொல்லி நின்றுவிட்டது. தேதி இல்லையென்றால் என்ன என்பதைச் சட்டமன்றம் எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் இத்தனையும்.

கணக்கு

311 உறைகளைச் சேர்க்காமல் பார்த்தால் குடியரசுக் கட்சி வேட்பாளர் 24 வாக்கு முன்னிலை. சேர்த்தால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் 69 முன்னிலை. எனவே 311-இல் நிகர லாபம் 93. அத்தனை சீட்டிலும் இந்தப் போட்டிக்கு வாக்கு இருந்தது என்று வைத்துக்கொண்டால் 202–109.

இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், அந்த உறைகள் மற்றவற்றோடு கலக்கப்படாமல் தனியே வைக்கப்பட்டிருந்ததுதான். வெளி உறையிலிருந்து சீட்டு வெளியே வந்துவிட்டால் எது யாருடையது என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ரகசிய வாக்கின் அடிப்படையே அது. தனியே வைத்து, தனிக் கட்டாக எண்ணினால்தான் பின்னால் ஒரு நீதிமன்றம் 'கழி' என்றால் கழிக்கலாம், 'சேர்' என்றால் சேர்க்கலாம்.

வெஸ்ட்மோர்லேண்டின் உறைகள் பிரிக்கப்படாததால் அவற்றின் கணக்கு யாருக்கும் தெரியாது. கவுண்டி குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அந்த ஆண்டு தபால் வாக்குகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தன. எண்ணியிருந்தால் யாருக்கு லாபம் என்று ஊகிப்பதில் பொருளில்லை.

மறு எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. அரை சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் தானாக நடக்கும் மறு எண்ணிக்கை மாநிலம் தழுவிய பதவிகளுக்கு மட்டும். செனட் தொகுதிக்கு வேண்டுமானால் ஒவ்வொரு சாவடிக்கும் மூன்று வாக்காளர் மனுக் கொடுத்து, சாவடி ஒன்றுக்கு 50 டாலர் ரொக்கமோ 100 டாலர் பிணையோ கட்டவேண்டும். இந்த வழக்கில் சண்டை கூட்டல் பிழையைப் பற்றியது அல்ல என்பதால் அந்த வழி உதவியிருக்காது.

ஜனவரி 5: அவையில்

முடிவு சான்றிடப்பட்டது. தோற்றவர் இரண்டு வழியில் தொடர்ந்தார்: பிட்ஸ்பர்க்கிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு, செனட்டில் மனு. உறுப்பினரின் தேர்தலையும் தகுதியையும் அந்தந்த அவையே தீர்மானிக்கும் என்கிறது மாநில அரசியலமைப்பின் இரண்டாம் பகுதி, 9-ஆம் பிரிவு. செனட்டில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. 45-ஆம் இடம் எந்தப் பக்கம் போனாலும் அது மாறாது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். இத்தனை பதற்றமும் அவையின் கட்டுப்பாட்டுக்காக நடந்தது அல்ல.

2021 ஜனவரி 5, பதவியேற்பு நாள். கூட்டாட்சி வழக்கு முடியும்வரை 45-ஆம் தொகுதிக்காரருக்கு உறுதிமொழி செய்விப்பதில்லை என்று பெரும்பான்மை நின்றது. அவைத் தலைமையில் இருந்த துணை ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர்; சான்றிதழ் பெற்றவரை அமர வைக்க வேண்டும் என்று நின்றார். பெரும்பான்மை அவரைத் தலைமையிலிருந்து விலக்கித் தீர்மானம் போட்டு, இடைக்காலத் தலைவரைக் கொண்டு கூட்டத்தை நடத்தியது. மற்றவர்கள் பதவியேற்றார்கள். இரண்டரை லட்சம் பேருக்குச் செனட்டில் குரல் இல்லாமல் எட்டு நாள் போனது.

அவைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே வாரத்தில் வாஷிங்டனில் வேறு வழி நடந்தது. அயோவாவின் 2-ஆம் நாடாளுமன்றத் தொகுதியில் 6 வாக்கில் வென்றதாகச் சான்றிதழ் பெற்றவரை, எதிர்க்கட்சிப் பெரும்பான்மை கொண்ட பிரதிநிதிகள் அவை, முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டு அமர வைத்தது. முறையீடு மார்ச் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. இருக்கையும் காலியாகவில்லை, விசாரிக்கும் அதிகாரமும் போகவில்லை.

ஜனவரி 12, 13: முடிவு

கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாதம் இரண்டு. ஒன்று: நால்வர் தேதி கட்டாயம் என்றார்கள், ஆகவே மாநிலச் சட்டப்படியே இந்த வாக்குகள் செல்லாதவை, செல்லாததை எண்ணியது உரிய சட்டமுறை ஆகாது. இரண்டு: ஒரே தொகுதியில் ஒரு கவுண்டி எண்ணியது, இன்னொன்று எண்ணவில்லை, இது எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற அரசியலமைப்பு உரிமைக்கு எதிரானது.

இரண்டையும் நீதிபதி தள்ளினார். மாநிலத் தேர்தல் சட்டத்துக்குப் பொருள் சொல்வது மாநில உச்ச நீதிமன்றத்தின் வேலை. அது 2020-க்கு எண்ணச் சொல்லிவிட்டது. உள்ளே காரணங்கள் எப்படிப் பிரிந்தாலும் கட்டளை அதுதான். கவுண்டிகளுக்கிடையேயான வேறுபாட்டைப் பொறுத்தவரை, வெஸ்ட்மோர்லேண்டின் முடிவை எதிர்க்க மாநில நீதிமன்றங்களில் வழி இருந்தது. அந்த வழியில் எவரும் போகவில்லை. தீர்ப்பளித்தவர் குடியரசுக் கட்சி அதிபரால் நியமிக்கப்பட்டவர் என்பது அந்த வாரத்துச் சூட்டைத் தணிக்க உதவியது.

தோற்றவர் மேல்முறையீடு செய்வதில்லை என்று அறிவித்தார். மறுநாள், ஜனவரி 13 அன்று, செனட் வென்றவருக்கு உறுதிமொழி செய்வித்தது.

அதன்பின் விதி என்ன ஆனது

தொகுதியின் கதை முடிந்தது. தேதியின் கதை முடியவில்லை. 2021 நவம்பரில் லீஹை கவுண்டியில் ஒரு நீதிபதிப் பதவிக்கான தேர்தலில் தேதியில்லா 257 வாக்குகள் முடிவைத் தீர்மானித்தன. எண்ணுவதற்கு முன் 71 வாக்கு முன்னிலையில் இருந்தவர், எண்ணிய பிறகு 5 வாக்கில் தோற்றார். எண்ணச் சொன்னது கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022 மே மாதம், முக்கியமல்லாத காகிதப் பிழைக்காக வாக்கை மறுக்கக் கூடாது என்னும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைக் காட்டி. அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை, வழக்கு ஏற்கெனவே முடிந்துபோனது என்ற காரணத்தால், செயலிழக்கச் செய்தது. 2022 நவம்பர் 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தேதியில்லாதவற்றையும் தவறான தேதியிட்டவற்றையும் எண்ணாமல் தனியே வைக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 1964 சட்டம் இதைத் தடுக்காது என்றது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், தேதிக்காக வாக்கைத் தள்ளுவது அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஐந்து ஆண்டில் ஒரு கட்டத்துக்கு இத்தனை திருப்பம்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த திருத்தம்தான் அதிகம் உதவியது. மாநிலச் செயலரின் அலுவலகம் 2024 முதல்நிலைத் தேர்தலுக்காக (கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) உறையை மாற்றி வடிவமைத்தது. ஆண்டுக்கான கட்டத்தில் '20' முன்பே அச்சாகியிருந்தது. உடனே புதுக் குறை ஒன்று முளைத்தது: '20' இருப்பதைப் பார்த்துவிட்டு மீதி இரண்டு இலக்கத்தை எழுதாமல் விட்டவர்கள். அந்த நவம்பருக்குள் '2024' முழுவதும் அச்சிடப்பட்டது.

எதை வேறு மாதிரிச் செய்யலாம்

கவுண்டி வாரியங்கள், ஒரு தொகுதியைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்துக் கவுண்டியோடு தேர்தலுக்கு முன்பே உட்கார்ந்து, குறைகளின் பட்டியல் ஒன்றை எழுத்தில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்: கையெழுத்தில்லை, தேதியில்லை, பிறந்த தேதி, ஆண்டு தவறு, ரகசிய உறை இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண்ணுவதா, தள்ளுவதா, தனியே வைப்பதா என்று. ஒத்துப்போகாவிட்டாலும் எங்கே வேறுபாடு என்பதாவது முன்பே தெரியும். முடிவுகள் தெரிந்த பிறகு எடுக்கும் எந்த நிலைப்பாட்டையும் கட்சி நிலைப்பாடாகத்தான் ஊர் பார்க்கும்.

உறுதிமொழியைப் பார்க்க உறையைப் பிரிக்கத் தேவையில்லை. அது வெளியில்தான் இருக்கிறது. வந்த அன்றே பார்த்து, கணினிப் பதிவில் குறைக்குறியீடு போட்டு, வாக்காளருக்குச் சொல்லலாம். அந்தப் பதிவில் பட்டைக்கோடு எண், சாவடி, வந்த நாள் ஆகியவற்றோடு செனட் தொகுதி எண்ணும் இருக்கட்டும். 2,349-இல் 45-க்குரியவை எத்தனை என்பது அப்போது உடனே தெரியும்.

தனியே வைப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஒரு சாவடியில் தேதியில்லா உறை ஒன்றே ஒன்று என்றால், அதைச் சாவடிவாரியாகத் தனியே எண்ணி வெளியிட்டால் அந்த வாக்காளர் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இவ்வகைக் கட்டுகளைத் தொகுதி அளவில் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு.

வேட்பாளரின் வழக்கறிஞர், தொகுதி எத்தனை கவுண்டியில் கிடக்கிறதோ அத்தனை கவுண்டிக்கும் தனித்தனி நாட்காட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கெடு ஒவ்வொரு வாரியமும் முடிவெடுத்த நேரத்திலிருந்து ஓடும். தனக்குச் சாதகமான முடிவு வந்த கவுண்டியிலும் ஆள் வேண்டும். எதிர்த்தரப்பு அங்கே முறையிடலாம். 45-இல் இரு தரப்பும் அலெகேனியையே பார்த்துக்கொண்டிருந்ததில் வெஸ்ட்மோர்லேண்ட் உறைகள் யாருடைய பட்டியலிலும் இல்லாமல் போயின.

செனட், முறையீடு நிலுவையில் இருக்கும்போது சான்றிதழ் பெற்றவரை விசாரணைக்கு உட்பட்டு அமர வைக்கும் விதியைத் தன் நடைமுறையில் எழுதிக்கொள்ளலாம். எந்தக் கட்சி பெரும்பான்மை, எந்தக் கட்சி தலைமை என்பது தெரியாத நாளில் எழுதினால்தான் அது நிற்கும்.

சட்டமன்றம் செய்ய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: தேதி இல்லையென்றால் என்ன ஆகும்.

2022-இல் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது 45-ஆம் தொகுதி முழுவதும் அலெகேனி கவுண்டிக்குள் வந்துவிட்டது. வெஸ்ட்மோர்லேண்ட் பகுதி வேறு தொகுதிக்குப் போய்விட்டது. எனவே இதே தொகுதியில் இரண்டு வாரியங்கள் மோதிக்கொள்ளும் நிலை இப்போது இல்லை. மாநிலத்தின் மற்ற பல செனட் தொகுதிகள் இன்னும் இரண்டு, மூன்று கவுண்டிகளில் பரவித்தான் கிடக்கின்றன.